பல்லாவரத்தின் மூலப்பத்திரம்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்கு என்னை அழைத்தவர்கள் ‘ஆவண எழுத்தர்’ என்று அறிமுகம் எழுதி வைத்திருந்தார்கள். நல்ல தமிழ்தான். ஆனால் எங்கள் ஊரில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘பத்திரம் எழுதுறவர்’ என்பார்கள். பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகை, அதற்குக் கீழே ஒரு மேசை, ஒரு பெஞ்சு. முதலில் பேனா, பிறகு டைப்ரைட்டர், கடைசியில் கம்ப்யூட்டர். இப்படி 34 வருஷம் பல்லாவரத்துப் பக்கம் மனை வாங்கியவர்களுக்கும் விற்றவர்களுக்கும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அத்தனை வருஷத்தில் நான் அதிகம் கேட்ட பேச்சு ஒன்று உண்டு. “நாங்க வந்தப்ப இங்க ஒண்ணுமே இல்ல சார். வெறும் பொட்டல்.” 1955இல் குடிவந்தவர் இதைச் சொன்னார். 1975இல் வந்தவர் சொன்னார். 1995இல் வந்தவரும் அதையேதான் சொன்னார். 55ஆம் வருஷத்துக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

எங்கள் தொழிலில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு, “மூலப்பத்திரம் இருக்கா?” என்று கேட்போம். இந்த மனை உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று பின்னால் போய்க்கொண்டே இருப்போம். ஒரு கிராமம் எப்படிப் புறநகர் ஆனது என்று பேசச் சொன்னீர்கள். நான் சரித்திரம் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஊருக்கே மூலப்பத்திரம் கேட்பதுதான்.

கேட்டால், கைக்கு முதலில் கிடைப்பது ஒரு கல்.

1863ஆம் வருஷம் மே மாதம் 30ஆம் தேதி. அப்போது பல்லாவரத்தில் பட்டாளம் இருந்தது. அணிவகுப்பு மைதானத்துப் பக்கம் சரளை வெட்டிய குழி ஒன்று கிடந்தது. இந்திய நிலவியல் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் அந்தக் குழியைப் பார்க்கிறார். வயது 28. கல்லைத் தேடிப் போவதுதான் அவர் உத்தியோகம். குழியிலிருந்து வந்த செம்பொறைச் சரளையில் ஒரு கல் மட்டும் அவர் கண்ணை நிறுத்துகிறது. அது தானாக உடைந்த கல் இல்லை, யாரோ உடைத்தது. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி, ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் கூர்மையாகச் செதுக்கியது. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அந்தக் கல். நம் பல்லாவரத்துச் சரளைக் குழியில் கிடைத்தது.

ஃபூட் அதோடு நிற்கவில்லை. அதே வருஷம் செப்டம்பரில், வில்லியம் கிங் என்பவரோடு சேர்ந்து கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகளைக் குவியலாகவே கண்டெடுத்தார். அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் வருஷம் என்று 2011இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. எழும்பூருக்குப் போனால் கைக்கோடரிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன். தேங்காய் உடைத்துப் பழகிய கைக்கு, அதை எப்படிப் பிடித்திருப்பார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

‘ஒண்ணுமே இல்ல’ என்றவர்களுக்கு என் முதல் பதில் இது. வெறும் பொட்டல் என்றார்களே, அந்தப் பொட்டலைத் தோண்டிய குழியில்தான் இது கிடைத்தது.

அடுத்து வருவது செத்தவர்களின் சொத்து. பல்லாவரத்து மலைச் சரிவுகளில் பழைய ஈமக்காடுகள் உண்டு. கல்லை வட்டமாக அடுக்கி, நடுவில் சுட்ட மண்ணால் செய்த பேழைக்குள் எலும்பை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். பேழை என்றால், நீளமான மண்தொட்டிக்குக் கீழே வரிசையாகக் குட்டைக் கால்கள் வைத்தது போல இருக்கும். தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இப்படிப்பட்ட பேழைகளை இங்கிருந்து எடுத்தார். அந்த இடம் இன்றும் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் பகுதி. 2010இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அப்படிப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பழைய பல்லாவரத்தில் மகளுக்குக் கல்யாணம், மாடியில் ஓர் அறை எழுப்பலாம் என்று நினைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனவர் இவர் வீட்டு மாடிக்கு ஆட்சேபணை போடுகிறார் என்று ஒருவர் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானது. அந்தப் பேழைக்குள் இருந்தவர் பக்கமும் நியாயம் உண்டு என்றுதான் எனக்குத் தோன்றியது, ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பல்லவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவர்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். பல்லவபுரம் என்பதுதான் பல்லாவரம் ஆனது என்பார்கள். மலையில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று உண்டு. பின்சுவரில் ஐந்து கருவறைகள், அவன் பட்டப்பெயர்களை வெட்டிய எழுத்து. 7ஆம் நூற்றாண்டு. இன்றைக்கு அது தர்கா. வெள்ளைச் சுண்ணாம்பு, பச்சை வண்ணம், ஊதுவத்தி. கோயிலைக் குடைந்தவன் வேறு, இப்போது வந்து கும்பிடுகிறவர் வேறு, கல் ஒன்றுதான். சொத்து கைமாறியது, அனுபோகம் நிற்கவில்லை. எங்கள் பாஷையில் இது சுத்தமான பத்திரம்.

அந்தக் கல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். பல்லாவரம், பரங்கிமலை, திரிசூலம் இந்த மலைகள் எல்லாம் ஒரே வகைக் கல். நீலமும் கறுப்பும் கலந்த நிறம். உடைத்தால் உள்ளே எண்ணெய் தடவியது மாதிரி மினுங்கும். கொல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ஜாப் சார்னாக் 1693இல் செத்தார். அவர் கல்லறைக்கு வைத்த கல் இந்தப் பக்கத்துக் கல். இருநூறு வருஷம் கழித்து 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்கே ‘சார்னோகைட்’ என்று பெயர் வைத்தார். உலகத்தில் எங்கெங்கோ இந்த வகைப் பாறை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். கல் நம்முடையது, பெயர் மட்டும் கொல்கத்தாவில் படுத்திருப்பவருடையது. பத்திரத்தில் இப்படி நடந்தால் நாங்கள் அதைப் பினாமி என்போம்.

பிறகு கல்குவாரிகள் வந்தன. சென்னையில் எத்தனையோ வீடுகளின் தளத்துக்குள் இந்த மலைகளிலிருந்து போன ஜல்லி இருக்கிறது. மலை இருந்த இடத்தில் பள்ளம் விழுந்தது, பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது. நகரம் மேலே எழும்ப எழும்ப எங்கள் மலை கீழே இறங்கியது. நான் சிறுவனாக இருந்தபோது சாயங்காலம் வெடி வைப்பார்கள். முதலில் ஒருவன் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டே கத்துவான், அப்புறம் ஒரு நிமிஷம் ஊரே மூச்சு விடாது, பிறகு தரை ஒரு தரம் அதிரும். அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணு என்று சத்தம் போடும். அம்மா அப்போதுதான் விளக்கேற்றுவாள். எங்களுக்கு அதுதான் ஆறுமணிச் சங்கு.

இனி, நிஜமான கிராமத்துக்கு வருகிறேன். பழைய பத்திரங்களில் பல்லாவரம் ஒன்றில்லை. ஜமீன் பல்லாவரம், ஈசா பல்லாவரம், பழைய பல்லாவரம் என்று பல உண்டு. பட்டாளத்துப் பகுதியான கண்டோன்மென்ட் தனி. பத்திரத்தின் தலைப்பு வரியை மட்டும் வரிசையாக அடுக்கினாலே ஊர்க்கதை தெரிந்துவிடும். முதலில் ‘செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா’. அப்புறம் ‘செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்’. 1997இல் காஞ்சிபுரம் மாவட்டம் பிறந்தது. 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் மறுபடி தனியாக வந்தது. மனை அசையவே இல்லை. மாவட்டம்தான் அதன் மேலே மேகம் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

அந்தச் செங்கல்பட்டுச் சீமையை ஆற்காட்டு நவாப் 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலித்து அனுபவிக்கும் உரிமையோடு, கொடுத்தார். வாங்கியவர் செய்கிற முதல் வேலை அளவெடுப்பது. பர்னார்டு என்ற பொறியாளர் 1767 தொடங்கி 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். எத்தனை வீடு, எந்தெந்தச் சாதித் தொழிலாளி, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எத்தனை ஏரி, எத்தனை குளம் எல்லாம் அதில் உண்டு. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் வைத்திருந்த கணக்குகளும் உண்டு. நாங்கள் இன்று எழுதுகிற பட்டா, சிட்டா, அடங்கல் இவற்றுக்கெல்லாம் பாட்டன் அந்த ஓலைகள்.

அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஏரி. எங்கள் ஊர்ப் பக்கம் பெரிய ஆறு கிடையாது. அடையாறு வடக்கே போகிறது, மழைக்கு மட்டும் புரளும். ஆகவே ஊர் என்றால் ஏரி. மேட்டிலிருந்து வரத்துக் கால்வாய் தண்ணீரைக் கொண்டுவரும், கரையில் மதகு, மிச்சம் போகக் கலங்கல், கலங்கல் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். எங்கள் பக்கத்துத் தண்ணீர் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ப் படுக்கும். மடை திறக்க நீர்க்கட்டி என்று ஒரு ஆள். அவருக்கு ஊர் மானியம். பத்திரத்தில் இதெல்லாம் எல்லையாக வரும்: ‘ஏரி உள்வாய்க்குக் கிழக்கு’, ‘கழனிக்குப் போகும் வாய்க்காலுக்குத் தெற்கு’. மனையின் நான்கெல்லையை நாங்கள் ‘செக்குபந்தி’ என்போம். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

பட்டாளம் வந்தது 18ஆம் நூற்றாண்டில். பரங்கிமலையும் பல்லாவரமும் சேர்ந்து ஒரே கண்டோன்மென்ட். சிப்பாய்களும், ஓய்வுபெற்ற வெள்ளைக்காரச் சிப்பாய்களும் இங்கே இருந்தார்கள். பட்டாளம் இருந்தால் கூடவே சந்தை வரும், தையல்காரர் வருவார், தோல் தைப்பவர் வருவார், குதிரைக்குப் புல் போடுபவர் வருவார். அந்தக் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். கிராமத்தில் நெல் விளைவிக்காமல் பிழைக்கலாம் என்று எங்கள் ஊர் கற்றுக்கொண்டது பட்டாளத்தாலேதான்.

சந்தை என்றதும் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்துவிடும். பழைய டிரங்க் ரோட்டில் வாராவாரம் நடக்கிற பல்லாவரம் சந்தைக்கு நீங்கள் போகாவிட்டால், உங்கள் வீட்டுப் பொருள் ஏதாவது போயிருக்கும். காய்கறி, கருவாடு, புறா, ரோஜாச் செடி எல்லாம் உண்டு. அதைத் தாண்டிப் போனால் பழைய சாமான் வரிசை. கால் உடைந்த மிக்ஸி, ஒற்றைச் செருப்பு, ரிமோட் இல்லாத டி.வி., டி.வி. இல்லாத ரிமோட். ஒரு தரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் இரும்பு அளவுச் சங்கிலித் துண்டு ஒன்றைப் பார்த்தேன். நிலம் அளக்கிற சங்கிலி. பித்தளைத் தகடு தொங்கிக்கொண்டிருந்தது, கண்ணிகள் துருவேறி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருந்தன. “இது என்ன தெரியுமா பெரியவரே?” என்றேன். “நாய் கட்டுறது” என்றார். இந்த ஊரைக் காணி காணியாக, கிரவுண்டு கிரவுண்டாகப் பிரித்த சங்கிலி, கடைசியில் நாய்க்குத்தான் பிரயோசனம் என்று விலைக்கு வந்திருக்கிறது. நான் வாங்கிக்கொண்டேன். வீட்டில் நாய் இல்லை.

1911இல் இந்த ஊருக்கு ஒருவர் குடிவந்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். வேதாசலம் என்று பெயர். நமக்கு மறைமலையடிகள் என்றால்தான் தெரியும். பட்டணத்துச் சந்தடி வேண்டாம் என்று பல்லாவரத்தைத் தேர்ந்தெடுத்தார். புறநகருக்கு முதன்முதலில் ‘அமைதியான இடம்’ என்று வந்தவர்களில் அவர் ஒருவர். அந்த வார்த்தையைப் போட்டுத்தான் இன்றுவரை மனை விற்கிறார்கள்.

1916இல் அவர் வீட்டுத் தோட்டத்தில் நடந்ததாகச் சொல்லும் செய்தி பலருக்கும் தெரிந்திருக்கும். மகள் நீலாம்பிகையோடு வள்ளலார் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருக்கிறார். அதில் ‘தேகம்’ என்று ஒரு சொல் வருகிறது. அந்த இடத்தில் ‘யாக்கை’ என்று இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்கிறார். மகள், அப்படியானால் நாம் இனிமேல் பிறமொழிச் சொல் கலக்காமலே பேசலாமே என்கிறாள். தனித்தமிழ் இயக்கம் அங்கே தொடங்கியது. வேதாசலம் மறைமலை ஆனார். ‘ஞானசாகரம்’ என்ற அவர் இதழ் ‘அறிவுக்கடல்’ ஆனது. அவர் வைத்திருந்த சங்கம் ‘பொதுநிலைக் கழகம்’ ஆனது.

இதில் எனக்கு ஒரு சங்கடம். அந்த வீடு இருக்கும் அதே ஊரில் உட்கார்ந்துகொண்டு 34 வருஷம் நான் எழுதியது என்ன தெரியுமா? ‘தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக் கொள்ள வேண்டியது.’ இந்த வாக்கியத்தில் தமிழைத் தேடினால் கடைசியில்தான் கிடைக்கும். கொஞ்சம் மாற்றிப் பார்ப்போமே என்று ஒரு தரம் ‘விற்கவும் கொடுக்கவும் உரிமையோடு மக்களும் மக்கள் மக்களும் ஆண்டு கொள்க’ என்று எழுதினேன். வாங்க வந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, “சார், இது செல்லுமா?” என்றார். பழைய மாதிரியே எழுதிக் கொடுத்தேன். புரியாமல் இருந்தால்தான் சொத்து பத்திரமாக இருக்கும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

அடிகள் வந்தபோதும் ரயில் இருந்தது. ஆனால் ஊரை மாற்றியது மின்சார ரயில். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவுக்கே அதுதான் முதல். அதற்கு முன்னால் பல்லாவரத்திலிருந்து பட்டணம் போவது ஒரு பயணம். அதற்குப் பின்னால் அது வெறும் ‘போய்விட்டு வருவது’. இதைவிடப் பெரிய மாற்றம் எங்கள் ஊருக்கு எதுவும் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். கோட்டையில் குமாஸ்தா வேலை, பல்லாவரத்தில் வீடு, கொல்லையில் ஒரு பசுமாடு என்று ஒரு வாழ்க்கை அப்போதுதான் சாத்தியமானது. கிறித்துவக் கல்லூரியே 1937இல் இந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தாம்பரம் போய்விட்டது. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்ற பொறியியல் கல்லூரி வந்தது. மீட்டர் கேஜ் வண்டி 2004இல் நின்றுபோனது. அகலப்பாதை வந்தது, கூட்டம் குறையவில்லை. காலை எட்டேகால் வண்டியில் ஒற்றைக் காலில் நின்றவர்கள் இப்போதும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறார்கள்.

குரோம்பேட்டை என்றேனே, அது என்ன பெயர் என்று யோசித்திருக்கிறீர்களா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குரோம் லெதர் கம்பெனி வந்தது. அதுவரை நம் ஆட்கள் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டார்கள், வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். கம்பெனி வந்தது, பேட்டை வந்தது, பக்கத்தில் நாகல்கேணி, பம்மல் என்று தோல் ஷாப்புகள் பெருகின. அதோடு எங்கள் கிணற்றுத் தண்ணீர் போனது. வெயில் காலத்தில் இறைத்து வைத்த தண்ணீரில் மஞ்சள் படிவு தெரியும்; பாத்திரத்தின் விளிம்பில் உப்பு பூக்கும். பல்லாவரத்தில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 1990களில்தான் வந்தது. அதற்குள் கிணறுகள் அத்தனையும் கெட்டு, ஊர் லாரித் தண்ணீருக்குப் பழகிவிட்டது. நாகல்கேணி, பெயரிலேயே கேணி இருக்கிறது. கேணி வைத்துப் பெயர் வாங்கிய ஊரில் குடம் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்து நின்றார்கள்.

அந்தப் பக்கம் அனகாபுத்தூரில் நெசவாளர்கள் கட்டம் போட்ட துணி நெய்தார்கள். உள்ளூரில் யாரும் உடுத்தாத துணி. மெட்ராஸ் கர்ச்சீப் என்ற பேரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. நைஜீரியாவில் கல்யாணம் என்றால் அனகாபுத்தூரில் தறி ஓடும். அந்தச் சந்தை விழுந்ததும் தறிகளும் அடங்கின. இப்போது சில குடும்பங்கள் வாழை நாரில் புடவை நெய்கின்றன.

இனி நான் நேரில் பார்த்த காலம். நான் தொழிலுக்கு வந்தபோது கழனிகள் லேஅவுட்டுகளாக மாறிக்கொண்டிருந்தன. 24 மனை ஒரு காணி. ஒரு மனை 2400 சதுர அடி. ஒரு காணிக் கழனியில் ரோட்டுக்கு இடம் விட்டால் 16, 17 மனை தேறும். ரோட்டைக் குறுக்கினால் 20. பிறகு பெயர் வைக்க வேண்டும். உரிமையாளரின் பாட்டி பெயர், அல்லது ஒரு சாமி பெயர், அல்லது தேர்தலில் ஜெயித்தவர் பெயர். பின்னால் ‘நகர்’ என்று சேர்த்தால் முடிந்தது. பல்லாவரத்துப் பெரிய ஏரிக்கு நடுவிலேயே துரைப்பாக்கம் ரேடியல் சாலை போனது. 200 அடிச் சாலை. ஏரி இரண்டானது. ஒரு பக்கத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டினார்கள். 2011 கணக்கெடுப்பில் பல்லாவரம் நகராட்சியின் ஜனத்தொகை 2 லட்சத்து 15 ஆயிரம். 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டன. பல்லவன் பேர் வைத்த ஊர் இப்போது தாம்பரத்தில் ஒரு பகுதி. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் மனக்குறை உண்டு. தாம்பரத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் மன்னிக்கவும்.

செக்குபந்தி என்று ஒரு சொல் சொன்னேன்.

1989 வாக்கில் ஒரு தம்பதி மனை எழுத வந்தார்கள். அவர் தொழிற்சாலையில் ஃபிட்டர், அந்த அம்மாவின் நகை பாதி இந்த மனையில் இருந்தது. மூலப்பத்திரத்தைப் புரட்டினேன். ‘வடக்கே ஏரிக்குப் போகும் வரத்துக் கால்வாய்’ என்று இருந்தது. விற்பவரின் ஆள் என் பக்கத்தில் வந்து குனிந்தார். “அண்ணே, கால்வாய்னு போட்டா பேங்க்ல லோன் தரமாட்டான். இப்ப அங்க தண்ணியா போவுது? நடந்துதான் போறாங்க. 20 அடி வழின்னு போட்டுடுங்க.” நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாஸ்தவம்தான், தண்ணீர் இல்லை. சைக்கிள் தடம் இருந்தது. கரையோரம் எருக்கஞ்செடி. ‘வடக்கே 20 அடி வழி’ என்று எழுதினேன். இது ஒரு பத்திரம் என்றால் சொல்ல வந்திருக்கமாட்டேன். அந்தத் தெரு முழுக்க நான் எழுதியதுதான்.

2015 டிசம்பர் முதல் தேதி மழை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். விமான நிலையத்து ஓடுபாதையே தண்ணீருக்குள் போய் விமானங்கள் நின்றுவிட்டன. தண்ணீர் வடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, சார்பதிவாளர் அலுவலக வாசலில் பெரிய கூட்டம். எல்லாருக்கும் ஒரே வேலைதான்: நனைந்துபோன பத்திரத்துக்கு நகல் வாங்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் அந்த அம்மா இருந்தார். ஃபிட்டர் அதற்கு நாலு வருஷம் முன்னால் காலமாகிவிட்டார். பிளாஸ்டிக் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தார். தாள்கள் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. மெதுவாகப் பிரித்தேன். முத்திரைத்தாளின் பச்சை கரைந்து ஓடியிருந்தது, என் எழுத்து மட்டும் அழியவில்லை. அப்போதெல்லாம் நல்ல மசி போடுவேன்.

“தண்ணி எந்தப் பக்கமா வந்தது அம்மா?” என்று கேட்டேன்.

“வடக்கால இருந்துதான் சார். தெரு வழியா நேரா வந்து, எங்க வாசப்படில ஏறி, கொல்லைப்பக்கமா ஏரியப் பாத்துப் போயிடுச்சு.”

நகல் மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை.

வணக்கம்.